தீர்ப்பின் கடைசிப் பக்கம்

சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் இந்திய மாணவர்களுக்கு 1991-ஆம் ஆண்டின் சுபாஷ் குமார் வழக்கு மனப்பாடம். மாசற்ற நீரும் காற்றும் பெறுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. பாடநூல்கள் பெரும்பாலும் அந்த வரியோடு நின்றுவிடுகின்றன. தீர்ப்பை முழுவதும் படித்தால்தான் அந்த மனு தள்ளுபடி ஆனது தெரியும். நிலக்கரிக் கழிவு பொக்காரோ ஆற்றில் கலக்கிறது என்று வழக்குத் தொடுத்தவர், அதே கழிவை வாங்கும் வியாபாரத்தில் தனக்கிருந்த நலனுக்காகவே வந்தார் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. அவர் 5,000 ரூபாய் வழக்குச் செலவு கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1993-இல், பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் ஒப்போசா வழக்கில் தீர்ப்பளித்தது. பெற்றோர் துணையோடு சிறுவர்கள் தொடுத்த வழக்கு அது. நாட்டின் மழைக்காடுகளை வெட்டக் கொடுத்திருக்கும் மர உரிமங்களை ரத்துசெய்ய வேண்டும் என்று கேட்டார்கள். இனிமேல் பிறக்கப்போகும் தலைமுறைகளுக்காகவும் இவர்கள் வழக்காடலாம் என்று நீதிமன்றம் சொல்ல, உலகம் முழுவதும் அந்த வரி பரவியது. ஆனால் நீதிமன்றம் செய்தது, வழக்கை விசாரிக்கும்படி கீழமை நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது மட்டுமே. அங்கே வழக்கை யாரும் தொடர்ந்து நடத்தவில்லை. அந்தத் தீர்ப்பால் ஓர் உரிமம்கூட ரத்தாகவில்லை.

மூன்றாவது, நம் காலத்து வழக்கு. 2024 மார்ச்சில் ரஞ்சித்சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று முதன்முறையாகச் சொன்னது. அது கானமயில் என்ற பறவையைக் காப்பாற்றத் தொடுக்கப்பட்ட வழக்கு. அந்தப் பறவை வாழும் பகுதிகளில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்று 2021-இல் இதே நீதிமன்றம் போட்டிருந்த உத்தரவு, இந்தத் தீர்ப்பில்தான் தளர்த்தப்பட்டது. புதிய உரிமை பிறந்த வழக்கில், வழக்குத் தொடுத்தவர்கள் கையிலிருந்த பாதுகாப்பின் பெரும்பகுதியை இழந்தார்கள்.

மூன்று வழக்கிலும் வாசகம் ஒரு பக்கமும் உத்தரவு வேறொரு பக்கமும் போகின்றன. பல நாட்டு அரசமைப்புகளையும் சுற்றுச்சூழல் தீர்ப்புகளையும் ஒப்பிட்டுப் படிப்பது இன்று சட்டக் கல்வியில் தனித் துறையாகிவிட்டது. அதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட பேராசிரியர்கள் எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறார்கள். இந்த அரை நூற்றாண்டில் அத்துறை எதைச் சாதித்தது, எதை விட்டுவிட்டது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசகங்களைச் சேகரிப்பதில் இத்துறை மிக வெற்றிகரமாக இயங்கியிருக்கிறது. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் உத்தரவையும், அதற்குப் பின் ஊரில் நடந்ததையும் தேடிப் போனவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரின் வேலைதான் மதிப்புள்ளது.

கதையின் தொடக்கம் எல்லோரும் அறிந்தது. 1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐ.நா. மாநாடு, கண்ணியமாக வாழத்தக்க சூழலை மனித உரிமையோடு இணைத்துப் பேசியது. போர்ச்சுகல் 1976-இலும் ஸ்பெயின் 1978-இலும் தங்கள் அரசமைப்புகளில் அதை எழுதின. இந்தியா 42-ஆவது திருத்தத்தின் வழியே 48-அ, 51-அ(எ) பிரிவுகளைச் சேர்த்தது. முதலாவது அரசுக்கு வழிகாட்டும் நெறி, இரண்டாவது குடிமகனின் கடமை. உரிமை என்ற சொல் இரண்டிலும் இல்லை. அதை நீதிபதிகள் பின்னால் 21-ஆம் பிரிவுக்குள் படித்துச் சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்கா 1996-இல் வெளிப்படையான உரிமையாகவே எழுதிக்கொண்டது. பாகிஸ்தான் நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்தே முப்பது ஆண்டுகள் ஓட்டிவிட்டு, 2024 அக்டோபரில்தான் 9-அ பிரிவைச் சேர்த்தது. 2022 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை, தூய்மையான, நலமான, நீடித்த சூழலுக்கான உரிமையை 161 வாக்குகளோடு ஏற்றது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை, எட்டு நாடுகள் விலகி நின்றன.

இந்தப் பரவலில் வகுப்பறைக்கு இருந்த பங்கு பெரிது. மிஷிகனில் கற்பித்த ஜோசப் சாக்ஸ் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரை, ஆறுகள், கடற்கரைகள் போன்றவற்றை அரசு மக்களின் அறங்காவலராகவே வைத்திருக்கிறது என்ற பழைய கருத்தைத் தூசு தட்டி எடுத்தது. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, குலு–மணாலிப் பகுதியில் பியாஸ் ஆற்றங்கரை வனநிலத்தில் ஒரு விடுதி நிறுவனம் இடம்பிடித்து, வெள்ளம் வந்தபோது ஆற்றின் போக்கையே திருப்பிவிட்ட வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் சாக்ஸின் கட்டுரையைப் பக்கம் பக்கமாக எடுத்தாண்டார். பொது அறங்காவல் கோட்பாடு இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்தார். அதோடு நிற்கவில்லை. குத்தகை ரத்தானது, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. வாசகமும் உத்தரவும் ஒரே திசையில் போன அரிய வழக்கு இது. சாக்ஸின் கருத்துக்கு இந்த வலு வந்ததற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். இன்ன சொத்து, இன்னார் பொறுப்பு, மீறினால் குத்தகை போகும் என்று அது கையில் பிடிக்கத்தக்க ஒன்றைச் சொல்கிறது.

கிறிஸ்டோபர் ஸ்டோனின் கருத்து வேறு மாதிரிப் பயணித்தது. தென் கலிபோர்னியாவில் வகுப்பின் முடிவில், இயற்கைக்கே சட்ட உரிமைகள் இருந்தால் எப்படியிருக்கும் என்று அவர் கேட்டுவைக்க, மாணவர்களிடையே ஒரே சலசலப்பு. அந்தக் கேள்வியை 1972-இல் கட்டுரையாக்கினார். மினரல் கிங் பள்ளத்தாக்கில் டிஸ்னி நிறுவனம் பனிச்சறுக்கு விடுதி கட்டுவதை எதிர்த்த வழக்கு அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. நீதிபதி டக்ளஸ் கண்ணில் படட்டும் என்றே கட்டுரையை அவசரமாக அச்சுக்குக் கொடுத்தார். டக்ளஸ் அதை மேற்கோள் காட்டினார், ஆனால் சிறுபான்மைத் தீர்ப்பில்தான்.

அந்த விதை முளைத்த இடங்கள் பல. எக்குவடோர் 2008-இல் இயற்கையின் உரிமைகளை அரசமைப்பிலேயே எழுதியது. அதே வாசகத்தை நம்பி மிரடோர் சுரங்கத்தை எதிர்த்தவர்கள் 2013-இல் தோற்றார்கள். அதே வாசகத்தைக் கொண்டு 2021-இல் அரசமைப்பு நீதிமன்றம் லோஸ் செட்ரோஸ் மேகக்காட்டில் சுரங்க அனுமதியைச் செல்லாது என்றது. எழுத்து மாறவில்லை. மாறியது நீதிமன்றமும், காட்டைப் பற்றி அதன் முன் வைக்கப்பட்ட அறிவியல் சான்றும். நியூசிலாந்தின் வாங்கனுயி ஆறு 2017-இல் சட்டத்தால் சட்டப்பூர்வ நபரானது. அதன் பின்னால் மாவோரி மக்களின் தலைமுறை தலைமுறையான போராட்டமும், பல்லாண்டுப் பேச்சுவார்த்தையும் இருந்தன. சட்டமே ஆற்றின் சார்பில் பேச இருவரை வைத்தது, ஒருவர் அரசின் நியமனம், மற்றவர் மாவோரி மக்களின் நியமனம். நிதியும் ஒதுக்கியது.

அதே 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்பூர்வ நபர்கள் என்று அறிவித்தது. தலைமைச் செயலாளர் உள்ளிட்ட அதிகாரிகளையே பாதுகாவலர்களாக்கியது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், வெள்ளத்தில் ஆள் செத்தால் ஆற்றின் மேல் வழக்குப் போடுவார்களா, இழப்பீட்டை யார் கொடுப்பது, வேறு மாநிலத்தில் ஓடும்போது எங்கள் அதிகாரி என்ன செய்ய முடியும் என்று கேட்டது. ஜூலையில் தடை வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2022 ஏப்ரலில் நீதிபதி ஸ்ரீமதி இயற்கை அன்னையை உயிருள்ள நபர் என்று அறிவித்ததும் இதே வரிசையில் வருவது. மேகமலையில் வனநிலத்துக்குப் பட்டா கொடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட அரசு அலுவலர் ஒருவரின் பணி வழக்கில் வந்த அறிவிப்பு அது. உணர்வை மதிக்கிறேன். ஆனால் யார் பேசுவது, எந்தப் பணத்தில், எந்த அலுவலகத்திலிருந்து என்ற மூன்றும் இல்லாத அறிவிப்பு மேகமலையில் ஒரு மரத்தைக் காக்க என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒப்பாய்வு நூல்கள் வாங்கனுயியையும் கங்கையையும் ஒரே பட்டியலில் வைப்பதுதான் இத்துறையின் பழைய குறை.

இத்துறையில் ஒருவரின் வாழ்க்கைப் பயணத்தை மாதிரியாகக் காட்டச் சொன்னால் நான் சி.ஜி. வீரமந்திரியைச் சொல்வேன். கொழும்பில் பிறந்தவர். 1967 முதல் 1972 வரை இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதி. பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். நீதிபதியாக இருந்து பேராசிரியரானவர் என்பதால் புத்தகத்துக்கும் உத்தரவுக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரிந்திருந்தது. 1986-இல் நவ்ரு தீவு அமைத்த விசாரணை ஆணையத்துக்குத் தலைவரானார். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றும் நிர்வாகப் பொறுப்பு என்ற பெயரில் பாஸ்பேட் தோண்டித் தோண்டி அந்தத் தீவின் நடுப்பகுதியைப் பாறைக்கூம்புகளின் காடாக்கிவிட்டுப் போயிருந்தன. ஆணையத்தின் வேலை, அந்த நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்று சொல்வது. பழைய ஒப்பந்தங்களும் கணக்குகளும் கடிதங்களும் தேடித் திரட்டப்பட்டன. அந்த அடித்தளத்தின் மீதுதான் நவ்ரு 1989-இல் ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1993-இல் 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வழக்கு சமரசமானது. இதற்குள் வீரமந்திரி அதே நீதிமன்றத்தில் நீதிபதியாகிவிட்டார். முன்தொடர்பு காரணமாக இந்த வழக்கில் அவர் அமரவில்லை.

1997-இல் டானியூப் அணைகள் பற்றிய ஹங்கேரி–ஸ்லோவாக்கியா வழக்கில் அவர் எழுதிய தனிக் கருத்துரையை இன்றும் பல பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். நீடித்த வளர்ச்சி என்பது மேற்கத்திய மாநாடுகளில் அண்மையில் பிறந்த கருத்து அல்ல என்பது அவர் வாதம். இலங்கையின் பண்டைய குளங்களையும் நீர்ப்பாசன முறையையும், ஈரானின் நிலத்தடி வாய்க்கால்களையும், கிழக்கு ஆப்பிரிக்கப் பழங்குடிகளின் பாசனத்தையும் சான்றாக அடுக்கினார். ஒப்பாய்வு என்றால் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அளவுகோலாக வைத்து மற்றவர்களை அளப்பது என்றிருந்த பழக்கத்தை அந்த ஓர் உரையே அசைத்துவிட்டது.

அது வந்து மூன்று ஆண்டுக்குள், 2000 ஜூனில், அவர் பிறந்த நாட்டிலேயே அதற்கு வேலை வந்தது. அனுராதபுர மாவட்டத்தில் எப்பாவலப் பாஸ்பேட்டை ஓர் அமெரிக்க நிறுவனத்தின் துணையோடு தோண்ட அரசு ஒப்பந்தம் தயாரித்திருந்தது. அங்கே குடியிருந்தவர்களும் விவசாயிகளும் உச்ச நீதிமன்றம் போனார்கள். இலங்கை அரசமைப்பில் சூழலுக்கான உரிமை கிடையாது. 27-ஆம் பிரிவில் ஒரு நெறிதான் உண்டு. நீதிபதி அமரசிங்க, சட்டத்தின் முன் சமம், தொழில் செய்யும் உரிமை, விரும்பிய இடத்தில் வாழும் உரிமை ஆகிய சாதாரண உரிமைகளைக் கொண்டும், வீரமந்திரியின் கருத்துரையைத் துணைக்கு வைத்தும், முழுமையான ஆய்வும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் முடியும்வரை ஒப்பந்தம் கூடாது என்று உத்தரவிட்டார். திட்டம் நின்றுபோனது. வெறும் வழிகாட்டு நெறி இருந்த நாட்டில் கிடைத்த இந்த வெற்றியை, முழு உரிமை எழுதிவைத்த பல நாடுகளில் காண முடியாது.

எப்பாவலத் தீர்ப்பின் வழி யாழ்ப்பாணம் வரை வந்தது. வற்றாத ஆறு இல்லாத தீபகற்பம் அது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே வீட்டுக் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் ஆதாரம். சுன்னாகம் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்தபோது மக்கள் தண்ணீர் பவுசருக்காகக் காத்திருக்க நேர்ந்தது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. மேற்பார்வை செய்ய வேண்டிய அரச அமைப்புகள் கடமை தவறின என்றும் சொன்னது. இழப்பீடு எத்தனை வீட்டுக்குப் போனது, எந்தக் கிணறு எப்போது தெளிந்தது என்பதை அந்த ஊர்த் தமிழில் கேட்டு எழுதும் ஒரு சட்ட ஆய்வு, இந்தத் தீர்ப்பைப் பற்றிய பத்துக் கட்டுரைகளுக்குச் சமம்.

எண்ணிக்கை வழியில் போனவர்களும் உண்டு. கனடாவின் டேவிட் பாய்ட் 2012-இல் வெளியிட்ட நூலில் உலக அரசமைப்புகளை வரிசையாக எடுத்துப் பார்த்து, சூழல் உரிமை எழுதப்பட்ட நாடுகள் பொதுவாகச் சூழலில் மேம்பட்டிருக்கின்றன என்று காட்டினார். அந்த உழைப்பே அவரை 2018-இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பொறுப்புக்கும், அங்கிருந்து 2022 தீர்மானத்துக்கும் கொண்டுபோனது. பெரும் பணி, ஐயமில்லை. ஆனால் சூழலைப் பேணும் சமூகம் உரிமையை எழுதிக்கொண்டதா, உரிமை எழுதியதால் சூழல் பேணப்பட்டதா என்பதை உலக அட்டவணையால் பிரித்துச் சொல்ல முடியாது. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 20-அ பிரிவு தனிமனித உரிமையே அல்ல, அரசின் இலக்கு. அதையும் சுதந்திர உரிமைகளையும் சேர்த்துப் படித்துத்தான் 2021-இல் அரசமைப்பு நீதிமன்றம் காலநிலைச் சட்டத்தின் ஒரு பகுதி அரசமைப்புக்கு முரணானது என்றது. அதே ஆண்டிலேயே நாடாளுமன்றம் இலக்கைக் கூட்டியது. அட்டவணையில் ஜெர்மனி ‘உரிமை இல்லாத நாடு’ என்றே இருக்கும்.

எல்லை தாண்டிப் போனவற்றில் அதிகம் பயன்பட்டது, என் கணிப்பில், ஒரு நடைமுறைதான். தீர்ப்புச் சொல்லிவிட்டு ஒதுங்காமல், வழக்கைத் திறந்தே வைத்து அவ்வப்போது அறிக்கை கேட்கும் தொடர் உத்தரவு முறை இந்தியாவில் வளர்ந்தது. கூடலூர் காடுகள் வெட்டப்படுவதற்கு எதிராகக் கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கு நாடு முழுவதற்குமான வன வழக்காகிப் பல பத்தாண்டுகள் நடந்ததை நீலகிரிக்காரர்கள் அறிவார்கள். இந்த முறையைப் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2008-இல் மணிலா விரிகுடா வழக்கில் பெயர் சொல்லியே கடன் வாங்கியது. 2010-இல் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தனி விதிகளிலும் எழுதிக்கொண்டது. ஒப்போசாவின் வெற்றி வெறும் பெயரளவிலானது என்று 2003-இலேயே எழுதிய பேராசிரியர் டான்டே கட்மைடான் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில்தான் கற்பித்தார். உலகமே கொண்டாடிய தீர்ப்பைப் பற்றி, உரிமங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க உள்ளூர்க்காரர் ஒருவர் தேவைப்பட்டார்.

அந்தக் கேள்வியை நம் பாலாற்றில் கேட்க வேண்டும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த வேலூர் மக்கள் நல மன்றத் தீர்ப்பு உலகப் பாடநூல்களில் உண்டு. முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. உள்ளே போனால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகள் வருகின்றன. 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிடத் தகாமல் போனது வருகிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்த கணக்கும் வருகிறது. நீதிமன்றம் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு வேண்டும் என்றது. வாசகம், உத்தரவு, அமைப்பு மூன்றும் இருந்த தீர்ப்பு. ஆணையம் 2001-இலும் 2009-இலும் இழப்பீடு நிர்ணயித்தது.

அதன் பிறகு 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்கு வந்தது. 2001, 2009 ஆணைகளின்படி தர வேண்டிய இழப்பீட்டை, இன்னும் தராமலிருந்தால், அரசு கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. கண்காணிக்கக் குழு ஒன்றையும் அமைக்கச் சொன்னது. ‘தராமலிருந்தால்’ என்ற நிபந்தனையில் சற்று நிற்க வேண்டும். தீர்ப்பு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆன, உலகம் மேற்கோள் காட்டும் ஒரு வழக்கில், எந்தக் குடும்பத்துக்குப் பணம் வந்தது, எதற்கு வரவில்லை என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. இதற்கிடையே இந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதப்பட்ட ஆங்கிலக் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் ஏராளம். முன்னெச்சரிக்கைக் கொள்கை வழக்காற்றுச் சர்வதேசச் சட்டமா இல்லையா என்று அவை வாதிட்டன.

ஆய்வாளர்களை மட்டும் குறைசொல்ல மாட்டேன். சட்ட ஆசிரியரின் பதவி உயர்வு, ஆங்கில ஆய்விதழில் வரும் கட்டுரைகளைப் பொறுத்தது. இரண்டு தீர்ப்புகளை மேசையிலிருந்தபடி ஒப்பிட்டால் சில மாதங்களில் ஒரு கட்டுரை. ஒரு தாலுகாவில் இழப்பீட்டுப் பட்டியலைப் பட்டாவோடு சரிபார்க்க ஆண்டுக்கணக்காகும், அதுவும் வருவாய்த்துறைத் தமிழ் படிக்கத் தெரிந்தவரால்தான் முடியும். அமைப்பு எதற்குக் கூலி கொடுக்கிறதோ அதுதான் விளையும். ஸ்பானிய மொழி தெரியாமல் அட்ராட்டோ ஆற்றுத் தீர்ப்பைப் பற்றி எழுதுபவர்களுக்கும் இதே குறை உண்டு. பாதரசம் கலந்த அந்தக் கொலம்பிய ஆற்றுக்கு 2016-இல் உரிமை தந்த நீதிமன்றம் கரையோரச் சமூகங்களிலிருந்து காவலர்கள் வேண்டும் என்றது. அந்தக் காவலர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது பெரும்பாலும் ஸ்பானியத்திலேயே தங்கிவிடுகிறது.

மாணவர்களால் முடியாதது என்று எதையும் ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அண்மைய சான்று பசிபிக்கில் கிடைத்தது. 2019-இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர், காலநிலை பற்றிச் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று கிளம்பினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையிலெடுத்தது. ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரை வழங்கியது. காலநிலையைக் காக்கும் கடமை நாடுகளுக்குச் சட்டப்படி உண்டு, தூய சூழலுக்கான உரிமை இல்லாமல் மற்ற மனித உரிமைகளைத் துய்க்க முடியாது என்றது. இனி ஒவ்வொரு நாட்டு நீதிமன்றத்திலும் வழக்கறிஞர்கள் அதை எடுத்துக்கொண்டு போவார்கள், ஆய்விதழ்கள் நிரம்பும்.

நம் பங்குக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆணையத்தின் இரண்டு இழப்பீட்டு ஆணைகளையும் கிராமவாரியாகப் பிரித்து, இறந்தவர்களின் வாரிசுகளைக் கண்டு, பணம் வந்ததா என்று கேட்டு எழுத வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் அளவீடுகளை ஆண்டு வரிசையில் தொகுக்க வேண்டும். ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் உடல்நிலையைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் 1996 தீர்ப்பில் விவசாயி வருகிற அளவுக்குத் தொழிலாளி வரவில்லை. இதைச் செய்து முடிக்கும் முனைவர் பட்ட மாணவரின் ஆய்வேட்டை மணிலாவிலும் போகோட்டாவிலும் தேடிப் படிப்பார்கள். அதற்கு முன், அந்தக் கண்காணிப்புக் குழுவின் மேசைக்கே அது தேவைப்படும்.